கூலி ஏன் ஏறுவதில்லை, அதற்கு யார் பொறுப்பு?

கேள்வி இதுதான்: வளரும் நாடுகளில் கூலி இவ்வளவு குறைவாக இருப்பதற்கு யாரைக் குற்றம் சொல்வது, வெளிநாட்டு பிராண்டுகளையா, உள்ளூர் முதலாளிகளையா, அரசாங்கத்தையா, இல்லை மலிவாகக் கிடைத்தால் போதும் என்று வாங்குகிற மக்களையா? எல்லா நாட்டுக்கும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பதில் என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது ஆயத்த ஆடைத் தொழில். திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராகப் பல வருஷம் இருந்திருக்கிறேன், விலைக் கணக்கு போடுவதும் அந்த விலைக்காக வெளிநாட்டு பையரோடு மல்லுக்கட்டுவதும்தான் வேலை. ஆனாலும் கீழே பெரும்பாலும் வங்கதேசத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் உலகத்துக்கே துணி தைத்துக் கொடுக்கிற சுமார் 40 லட்சம் பேர் அங்கே இருக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது அங்கே எந்த மறைப்பும் இல்லாமல் தெரிகிறது.

முதலில் அந்த விலைக் கணக்கு. பையரிடமிருந்து ஒரு டிசைன் வந்ததும் காஸ்டிங் ஷீட் போடுவோம். நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், பட்டன், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி என்று வரிசையாக வரும், அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாவற்றையும் சேர்த்து சி.எம்.டி. என்று ஒரு வரி, கடைசியில் கம்பெனி லாபம். அனுப்பிய மறுநாளே மெயில் வந்துவிடும்: விலை ஜாஸ்தி, பத்து சென்ட் குறையுங்கள், வேறொரு நாட்டில் இதைவிடக் குறைத்துத் தருகிறார்கள். சரி, எங்கே குறைப்பது? நூல் விலையை மில்காரர்கள் மாதம் பிறந்ததும் அறிவித்துவிடுவார்கள், அதில் நாம் கை வைக்க முடியாது. சாயப்பட்டறைக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, 2011ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து கழிவுநீரைச் சுத்தம் செய்கிற செலவு வேறு அவர்கள் தலையில், அதனால் அவர்களும் இறங்கி வர மாட்டார்கள். பட்டனையும் லேபிளையும் இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று பையரே சொல்லியிருப்பார். கப்பல் கட்டணம் கப்பல் கம்பெனி சொல்வதுதான். பார்த்துக்கொண்டே வந்தால் கடைசியில் விரல் வந்து நிற்பது சி.எம்.டி. வரியில். மற்ற ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்துகொண்டு "இதற்குக் கீழே கட்டுப்படியாகாது" என்று சொல்வார். தைப்பவருக்காக அப்படிச் சொல்ல யாரும் அங்கே இல்லை. இந்தக் கேள்விக்கு என் பதிலே இதிலிருந்துதான் வருகிறது. அந்த நாற்காலி காலியாக இருப்பதால்தான் கூலி ஏறுவதில்லை, அதைக் காலியாகவே வைத்திருக்கப் பாடுபடுகிறவர்கள்தான் குற்றவாளிகள்.

இதில் எவ்வளவு பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வங்கதேசத்தில் தைத்து கனடாவில் 14 டாலருக்கு விற்கும் ஒரு போலோ சட்டையின் மதிப்பீட்டுக் கணக்கு ஒன்று 2013 வாக்கில் பரவலாக வெளிவந்தது. துணி முதலான பொருள்களுக்கு 3.69 டாலர். கப்பல், காப்பீடு, சுங்கம் 1.03 டாலர். தொழிற்சாலை லாபம் 58 சென்ட், ஏஜென்ட்டுக்கு 18 சென்ட், தொழிற்சாலையின் மற்ற செலவுகள் 7 சென்ட். தைத்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கூலி 12 சென்ட். மொத்தம் 5.67 டாலர். மீதி 8.33 டாலர் விற்கிற கம்பெனியின் பங்கு, அதில்தான் அவர்களுடைய கடை வாடகை, ஊழியர் சம்பளம், விளம்பரம், லாபம் எல்லாம். இப்போது அந்த 12 சென்ட்டை அப்படியே இரண்டு மடங்காக்கினாலும் சட்டை 14 டாலர் 12 சென்ட் ஆகும். விற்கிறவர் தன்னுடைய சதவீதத்தை இந்த உயர்வின் மேலும் ஏற்றிக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் 14.30தான். இதனால் ஒருவரும் வாங்காமல் போகப் போவதில்லை. ஆனால் தொழிற்சாலைக்காரர் இடத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. பையர் விலையை ஏற்றித் தராமல் கூலியை மட்டும் ஏற்று என்றால் அந்த 12 சென்ட் அவருடைய 58 சென்ட்டிலிருந்து போக வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு லாபம் காலி. அவர் கூலி உயர்வை உயிரைக் கொடுத்து எதிர்ப்பதற்கு இதுதான் காரணம்.

பொருளாதாரம் படித்தவர்கள் இந்த இடத்தில் ஒன்று சொல்வார்கள், அது தப்பில்லை. செயின்ட் லூசியா தீவிலிருந்து வந்து 1979ல் நோபல் வாங்கிய ஆர்தர் லூயிஸ் 1954லேயே எழுதியது: கிராமத்தில் விவசாயத்தை நம்பி தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கும்வரை, ஆலைக்காரர் கிராம வருமானத்தைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலே வேண்டிய அளவு ஆள் கிடைப்பார்கள், உற்பத்தி எவ்வளவு பெருகினாலும் கூலி ஏறாது, கிராமத்து உபரி தீர்ந்த பிறகுதான் ஏறத் தொடங்கும். வங்கதேசத்தில் இது கண்ணுக்கு முன்னால் நடந்தது. ரங்பூர், மைமன்சிங் பக்கத்திலிருந்து டாக்காவுக்கு பஸ் ஏறிய பெண்களுக்கு ஊரில் வேறு சம்பள வேலை கிடையாது. அவர்கள் வாழ்க்கையில் இந்தத் தொழில் எவ்வளவோ நல்லதையும் செய்திருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன். கூலி ஏன் கீழே தொடங்குகிறது என்பதற்கு இந்த விளக்கம் போதும், அதற்கு யாரையும் பிடித்துத் திட்ட வேண்டியதில்லை. ஆனால் தொடங்கிய இடத்திலேயே ஏன் நிற்கிறது என்று கேட்டால் லூயிஸ் பாதி பதில்தான் தருகிறார். மீதிப் பாதிக்குப் பெயரும் முகவரியும் உண்டு.

வங்கதேசத்தின் குறைந்தபட்சக் கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1994ல் மாதம் 930 டாக்கா (தலைநகரின் பெயர் மாதிரியே இருந்தாலும் இது அந்த நாட்டு நாணயம்) என்று வைத்தார்கள். அடுத்து 2006ல்தான் மாற்றினார்கள், 1,662 டாக்கா 50 காசு. இடையில் பன்னிரண்டு வருஷம், அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, ஏற்றுமதி பல மடங்கானது, கூலி மட்டும் அதே 930. அப்புறம் 2010ல் 3,000, 2013ல் 5,300, 2018ல் 8,000, 2023ல் 12,500. ஒவ்வொரு உயர்வுக்கு முன்னாலும் தெருவில் போராட்டம் நடந்தது. 2023ல் சங்கங்கள் கேட்டது 23,000. முதலாளிகள் தரப்பு முதலில் சொன்னது 10,400. அதைக் கேட்டு தலைநகரை ஒட்டிய ஆலைப் பகுதிகளான ஆஷுலியாவிலும் காஜிப்பூரிலும் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள், அந்தப் போராட்டங்களில் மொத்தம் நான்கு பேர் செத்தார்கள், கிடைத்தது அந்த 12,500தான். அன்றைய கணக்கில் சுமார் 113 டாலர்.

அரசாங்கம் ஏன் இப்படி நடந்துகொண்டது? அங்கே அரசாங்கத்தையும் ஆலை முதலாளிகளையும் தனித்தனியாகப் பிரிப்பதே கஷ்டமாக இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களில் பத்து சதவீதத்துக்குக் குறையாதவர்கள் ஆடைத் தொழிற்சாலை சொந்தக்காரர்கள் என்று, 2013ல் ராணா பிளாசா என்ற ஆலைக் கட்டடம் இடிந்த சமயத்தில் வெளியானது. டாக்கா வடக்கு மாநகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அனிசுல் ஹக், அவருக்குப் பின் வந்த அதிகுல் இஸ்லாம், இரண்டு பேருமே ஆடை ஏற்றுமதி முதலாளிகள் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள். சட்டத்தையும் பாருங்கள். 2006 தொழிலாளர் சட்டப்படி ஒரு தொழிற்சாலையில் முப்பது சதவீதம் பேரைச் சேர்த்தால்தான் சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது, 2018ல்தான் அதை இருபது சதவீதமாகக் குறைத்தார்கள். பதிவுக்கு மனு கொடுத்தால் சங்கப் பொறுப்பாளர்களின் பெயர்களைத் தொழிலாளர் துறையே முதலாளிக்கு அனுப்பிவைக்கும், 2013ல்தான் அந்த விதியை எடுத்தார்கள். மனு கொடுத்த அடுத்த வாரம் அந்தப் பெயர்க்காரர்களுக்கு வேலை இருக்குமா? 2010ல் ஆலைப் பகுதிகளுக்கென்றே தனி போலீஸ் பிரிவு உருவாக்கினார்கள். ஆஷுலியாவில் தொழிலாளர்களைத் திரட்டிக்கொண்டிருந்த அமினுல் இஸ்லாம் 2012 ஏப்ரலில் காணாமல் போய், சித்திரவதை செய்யப்பட்ட அடையாளங்களோடு பிணமாகக் கிடைத்தார். 2016 டிசம்பரில் அதே ஆஷுலியாவில் கூலி கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கினார்கள், சங்கத் தலைவர்களைக் கைது செய்தார்கள். அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

கூலி குறைவு என்பது கையில் வரும் காசோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை. 2013 ஏப்ரல் 23ஆம் தேதி, தலைநகருக்குப் பக்கத்தில் சாவரில் இருந்த எட்டு மாடி ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் விட்டது. அதே கட்டடத்தில் இருந்த வங்கிக் கிளை ஊழியர்களை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டது, கடைகளும் திறக்கவில்லை. மறுநாள் காலையில் மேல்மாடிகளில் இருந்த ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் ஆட்கள் மட்டும் உள்ளே போனார்கள், வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்று மிரட்டப்பட்டுப் போனார்கள். மாதக் கூலி 3,000 டாக்காவாக இருக்கும்போது ஒரு மாதச் சம்பளத்தை இழக்கிற தைரியம் யாருக்கு வரும்? அன்றே கட்டடம் இடிந்து விழுந்தது, 1,134 பேர் இறந்தார்கள். விரிசல் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஒரே கட்டடத்தில் வேலை செய்தவர்களில் முடியாது என்று சொல்ல முடிந்தவர்கள் பிழைத்தார்கள்.

"கூலியை ஏற்றினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்" என்பது எல்லாரும் சொல்கிற பதில். நானே ஆபீஸில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, சொல்கிற அளவுக்கு இல்லை. கம்போடியாவைப் பாருங்கள். அங்கே தைப்பதும் பெரும்பாலும் அதே பிராண்டுகளுக்கு, அதே மாதிரி மெஷின்களில். 2013ல் குறைந்தபட்சக் கூலி 80 டாலர். அந்த வருஷத் தேர்தலில் எதிர்க்கட்சி கூலி உயர்வை வாக்குறுதியாக வைத்தது, வருஷக் கடைசியில் பெரிய வேலைநிறுத்தம், 2014 ஜனவரி 3 அன்று புனோம்பென்னில் துப்பாக்கிச் சூடு, குறைந்தது நான்கு பேர் பலி. ரத்தம் சிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது: 2014ல் 100, 2015ல் 128, 2018ல் 170 டாலர். அதே 2018ல் வங்கதேசத்தின் 8,000 டாக்கா என்பது ஏறக்குறைய 95 டாலர். ஐந்து வருஷத்தில் கூலி இரண்டு மடங்குக்கு மேல் ஆன அந்தக் காலத்தில் கம்போடியாவின் ஆடை ஏற்றுமதி வளர்ந்துகொண்டேதான் இருந்தது. கம்போடியா சின்ன நாடு, ஒன்றரைக் கோடி சொச்சம் பேர், அப்போது பல லட்சம் பேர் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அதனால் ஆள் தட்டுப்பாடு கொஞ்சம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், லூயிஸ் சொன்னது அங்கேயும் வேலை செய்தது. ஆனால் முக்கியமான வித்தியாசம், அங்கே வருஷாவருஷம் கூலியைப் பேசுகிற இடத்தில் சங்கங்கள் உட்கார்ந்தன, ஆட்சியில் இருந்தவர்களுக்கும் ஆலைத் தொழிலாளர் ஓட்டு பயம் காட்டியது.

எதிர்ப்பக்கம் எத்தியோப்பியா. தனியார் துறைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லாத நாடு. ஹவாசாவில் பெரிய தொழிற்பூங்கா கட்டி, மாதம் 26 டாலர் அடிப்படைச் சம்பளத்துக்குத் தைக்க ஆள் இருக்கிறது என்று பிராண்டுகளை அழைத்தார்கள். கூலி மட்டும்தான் கணக்கு என்றால் உலகத் துணி வியாபாரமே அங்கே போயிருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாமல் பெண்கள் சில மாதத்திலேயே ஊருக்குத் திரும்பினார்கள், தொழிற்சாலைகள் திரும்பத் திரும்பப் புது ஆளைப் பழக்கிக்கொண்டே இருந்தன, தையல் வேகம் வரவே இல்லை. அப்புறம் போர் வந்தது, 2022 ஜனவரியில் அமெரிக்கா வரிச்சலுகையை நிறுத்தியது. பையர் பார்ப்பது கூலியை மட்டும் இல்லை. சொன்ன தேதிக்குச் சரக்கு வருமா, துணி பக்கத்தில் கிடைக்குமா, துறைமுகம் எவ்வளவு தூரம், கரண்ட் இருக்குமா என்பதும் அவருக்குக் காசுதான்.

அப்படியானால் பிராண்டுகளை விட்டுவிடலாமா? கண்டிப்பாகக் கூடாது. கூலி பற்றிக் கேட்டால் "தொழிற்சாலை எங்களுடையது இல்லை, நாங்கள் வெறும் வாங்குபவர்கள்" என்பார்கள். ஆனால் ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதம் கையெழுத்தான கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையில் 200க்கு மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. அதை நடத்திய குழுவில் தொழிற்சங்கங்களுக்குச் சரிபாதி இடம். சொன்னபடி செய்யாவிட்டால் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம், இழுக்கவும் செய்தார்கள், ஒரு பிராண்ட் 23 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் ஆய்வு நடந்து, தீக்கதவு, படிக்கட்டு, தூண் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். சட்டப்படி கட்டுப்பட்டவுடன், தங்களுடையது அல்லாத தொழிற்சாலையையும் அவர்களால் மாற்ற முடிந்தது. அதே மாதிரிக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தத்தைக் கூலிக்குப் போடத்தான் பெரும்பாலோருக்கு மனம் வரவில்லை.

2020 மார்ச்சில் இன்னும் மோசம். கொரோனாவைக் காரணம் காட்டி வங்கதேசத்தில் மட்டும் சுமார் 300 கோடி டாலர் ஆர்டரை ரத்து செய்தார்கள், இல்லை நிறுத்திவைத்தார்கள். தைத்து முடித்துப் பெட்டியில் அடைத்த சரக்குக்கும் பணம் தர மறுத்தார்கள். இந்தத் தொழிலில் துணியைத் தொழிற்சாலைக்காரர் முதல் போட்டு வாங்குகிறார், பையர் சரக்கு போய்ப் பல வாரம் கழித்துப் பணம் தருகிறார், அதாவது ஏழை நாட்டுக்காரர் பணக்கார நாட்டுக்காரருக்குக் கடன் கொடுக்கிறார். அந்த வாரங்களில் சம்பளம் வராமல் போனவர்களின் எண்ணிக்கை லட்சங்களில் இருந்தது. பெயர்களை வெளியிட்டு அவமானப்படுத்திய பிறகு பல பிராண்டுகள் பணம் தர ஒப்புக்கொண்டன.

நம் ஊரை விட்டுவிட்டு வங்கதேசத்தை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. மத்திய அரசு 2017ல் அறிவித்த தேசிய அளவிலான தரைக்கூலி, அதாவது மாநிலங்களுக்கு வழிகாட்டுகிற அடிமட்டக் கூலி, நாளுக்கு 176 ரூபாய். அரசே அமைத்த நிபுணர் குழு 2019 தொடக்கத்தில் 375 ரூபாயாவது வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்த வருஷம் ஜூலையில் அரசு இரண்டு ரூபாய் ஏற்றி 178 ஆக்கியது. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலியை 2004க்கு அப்புறம் 2014ல்தான் திருத்தினார்கள். அதையும் எதிர்த்து முதலாளிகள் நீதிமன்றம் போய், 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகே கைக்கு வரும் நிலை. வங்கதேசத்தில் நடந்த மாதிரியே இங்கேயும் பன்னிரண்டு வருஷம்.

திருப்பூரில் அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்த காலமும் உண்டு. 1984ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னால் ஏற்றுமதி பெருகப் பெருக வேலை ஒரே கூரையின் கீழ் இல்லாமல் ஜாப் ஒர்க் யூனிட்களாகச் சிதறியது. கம்பெனி ஆர்டர் எடுக்கும், பவர் டேபிள் யூனிட் என்கிற சின்னத் தையல் பட்டறைக்காரருக்குப் பீஸ் கணக்கில் தைக்கக் கொடுக்கும், அவர் காண்ட்ராக்டரிடம் விடுவார், காண்ட்ராக்டர் ஆள் கூட்டி வருவார். இருபது பேருக்குக் கீழே காட்டினால் பி.எஃப். கட்டாயம் இல்லை. ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம் போட்டால்தான் வாரக் கூலி வீட்டுக்குப் போதுமானதாக இருக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்க நிற்கிற ஒருவரைப் பிடித்து உங்கள் முதலாளி யார் என்று கேட்டால் காண்ட்ராக்டர் பெயரைத்தான் சொல்வார். அவர் தைக்கிற சட்டையில் இருக்கிற பிராண்டும், ஆர்டர் எடுத்த கம்பெனியும் அவருக்கு மூன்று கை தாண்டி இருக்கின்றன. யாரிடம் போய்க் கூலி உயர்வு கேட்பார்? நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருஷம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று இளம்பெண்களை விடுதியில் வைத்து, பயிற்சியாளர் என்று எழுதிக் குறைந்த கூலி கொடுத்ததும் இதே சூழ்ச்சிதான். பாதியில் நின்றால் அந்த மொத்தப் பணம் கிடையாது.

வடநாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் கூலியைக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சு திருப்பூரில் பலமாக இருக்கிறது. இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பையன், ஊரில் இன்னும் குறைவாகக் கிடைப்பதால் வருகிறான், கூலியை நிர்ணயிப்பது அவன் இல்லை. உள்ளூர்க்காரருக்கும் அவனுக்கும் சேர்த்து ஒரே சங்கம், ஒரே ரேட் என்று இருந்தால் அவனை வைத்துக் கூலியைக் குறைக்க யாராலும் முடியாது. மாநிலம் மாறி வந்தவனுக்கும் ரேஷன், தங்க இடம், அவன் மொழியில் புகார் கொடுக்க ஒரு வழி என்று இருந்தால் அவனும் "இந்த ரேட்டுக்கு முடியாது" என்று சொல்லப் போகிறான்.

வாங்குகிறவர்கள் மேலும் பெரிய பழி போட நான் தயாராக இல்லை, அந்த 12 சென்ட் கணக்கைப் பார்த்த பிறகு அது சரியாகவும் இருக்காது. விலை அதிகமான சட்டை வாங்கினால் தைத்தவருக்கு அதிகம் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, ஒரே லைனில் மலிவு பிராண்டும் உயர்ந்த பிராண்டும் அடுத்தடுத்து ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன், தைத்தவர்களுக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ரேட்தான். புறக்கணிப்பதும் ஆபத்து. 1990களின் தொடக்கத்தில், குழந்தைகள் தைத்த துணியைத் தடை செய்யும் மசோதா அமெரிக்காவில் வந்தபோது, வங்கதேச முதலாளிகள் பயந்துபோய்க் குழந்தைகளை ஒரேயடியாக வெளியே அனுப்பினார்கள், அவர்களில் பலர் கல் உடைப்பது மாதிரி அதைவிட மோசமான வேலைகளுக்குப் போனதாக யுனிசெப் பின்னால் பதிவு செய்தது. பிராண்டை ஏதாவது கேட்பதானால் இதைக் கேளுங்கள்: கூலி ஏறினால் நீங்கள் தருகிற விலையையும் அதே அளவு ஏற்றுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா, ஒரே தொழிற்சாலையோடு எத்தனை வருஷமாக வியாபாரம் செய்கிறீர்கள், அங்கே சங்கம் வைத்ததற்காக ஆளை நீக்கினால் என்ன செய்வீர்கள்? எந்தத் தொழிற்சாலையில் தைக்கிறோம் என்ற பட்டியலை இப்போது பல பிராண்டுகள் இணையத்தில் வெளியிடுகின்றன, அதுவும் ராணா பிளாசாவுக்குப் பிறகு நெருக்கித்தான் வந்தது. என்ன விலை கொடுத்து வாங்கினோம் என்பதைப் பெரும்பாலோர் இன்னும் வெளியே சொல்வதில்லை.